நீரும் நகரமும் – 9: ஏரி செய்யும் ஊழியத்தின் விலை

பெங்களூரின் நீலசந்திராவில் பெய்யும் மழை, நெருக்கமான வீடுகளின் கூரைகளிலிருந்தும் குறுகிய சந்துகளிலிருந்தும் வழிந்து, ராஜகாலுவே என்று இவ்வூரார் சொல்லும் பெருங்கால்வாயில் விழுந்து, கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியாகத் தென்கிழக்கே இறங்கி, பெல்லந்தூர் ஏரியைச் சென்றடைகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் முன்பு அந்நீரை ஆங்காங்கே தடுத்து நிறுத்தி, வண்டலை அடியில் படியவிட்டு, பூமிக்குள் கொஞ்சம் இறக்கி, மிஞ்சியதை மட்டும் கீழே அனுப்பிய ஏரிகள் பல இருந்தன. அவற்றுள் அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. ஷூலே ஏரி கால்பந்து மைதானமாயிற்று. கோரமங்களா ஏரியிருந்த இடத்தில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பு எழுந்தது. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நிலத்துக்கு ஒரு மதிப்பு போடப்பட்டது. அந்த ஏரி அதுவரை ஊருக்குச் செய்துவந்த ஊழியத்துக்கு மதிப்புப் போட வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

அதன் பலனைப் பெல்லந்தூர் அனுபவித்தது. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியில், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் வந்து விழுந்ததால், சோப்புத் தூளின் பாஸ்பேட் முதலியவை திரண்டு நுரையாகப் பொங்கித் தெருவுக்கு வந்தன. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியே தீப்பற்றியது. இதற்காக 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக சர்க்காருக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏரியின் இலவச ஊழியத்தை ஜனங்கள் இழந்தார்கள்; அந்த இழப்புக்கான அபராதமும் அவர்களுடைய வரிப்பணத்தின் மேலேயே விழுந்தது.

ஏரிக்கு விலை மதிப்பிடுவது அபசாரமென்று எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. கணக்கில் ஏறாதது காப்பாற்றப்படுவதில்லை என்பதை நம் கண்முன்னே கண்டுவிட்டோம். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓரளவு மாசு படாதிருந்த ராச்சேனஹள்ளி ஏரி ஒரு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 10,435 ரூபாய் பெறுமானமுள்ள பயனைத் தருவதாகவும், மாசுபட்ட அம்ருதஹள்ளி ஏரி வெறும் 20 ரூபாய் அளவே தருவதாகவும் கண்டார்கள். இரண்டும் ஒரே நகரத்தின் வடபுறத்து ஏரிகள். வித்தியாசத்தை உண்டாக்கியது சாக்கடை.

இழந்ததை மீட்க முடியுமா என்பதற்கு இந்நகரத்தின் ஜக்கூர் ஏரி பிரத்யட்ச சாட்சி. நாள்தோறும் சுமார் 1 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வகையில் அமைந்த நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், நேரே ஏரிக்குள் பாயாமல், சம்பங்கோரையும் பிற நீர்த்தாவரங்களும் அடர்ந்த ஒரு சதுப்பு நிலத்தினூடே மெல்ல நகர்கிறது. அங்கே செடிகளின் வேர்களும், வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்களும், இயந்திரம் விட்டுவைத்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்கின்றன; பின்னரே நீர் ஏரியைச் சேர்கிறது. அந்த ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்போர் இருக்கிறார்கள். சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. இதே வேலையை இயந்திரத்தைக் கொண்டு செய்விப்பதானால் மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் மாதாமாதம் பணம் கொட்ட வேண்டியிருக்கும்.

இந்தச் சேமிப்பின் அருமையை உணரப் பெங்களூருக்குக் காவிரி வரும் வழியை நினைத்தால் போதும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றிக் கொண்டுவருகிறோம். அவ்வளவு பிரயாசையோடு வந்த நீரை ஒருமுறை உபயோகித்துச் சாக்கடையாக்கி விடுகிறோம். 2018 முதல் கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரையே சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். நீலசந்திராவின் குழாயடியில் குடத்தோடு காத்திருந்து பிடித்த நீர், இன்னொரு ஜில்லாவின் உழவனுக்குக் கிணற்றுநீராகத் திரும்புமானால் நல்லதே; ஆயின் அது எவ்வளவு தூய்மையாகப் போகிறது என்பதில்தான் அந்த உழவனின் க்ஷேமம் இருக்கிறது.

கழிவுநீர் பிழைப்பும் தரும் என்பதற்கு வேறோர் ஊர் உதாரணம். கல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், நகரத்துக் கழிவுநீரை மீனாகவும் காய்கறியாகவும் நெல்லாகவும் மாற்றித் தருவதை உலகறியச் செய்தவர் துருபஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர். அந்நிலம் 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே சம்பாதிப்பவர்கள் மீனவரும் குடியானவருமே. நம் நகரத்து ஏரி மீட்பிலோ கரையைச் சுற்றிக் கம்பிவேலி, நடைபாதை, விளக்கு ஆகியவை முதலில் வருகின்றன. கோரையை வெட்டி எறிந்து, கரையைக் கிண்ணம்போலச் செங்குத்தாக்கி, ஏரியை அலங்காரப் பொருளாக்குகிறார்கள். பக்கத்து வீட்டுமனைகளின் விலை ஏறுகிறது. நீரைச் சுத்தம் செய்யும் விளிம்புச் சதுப்போ மறைகிறது. மாட்டுக்குப் புல்லறுத்தவர்களும் வலை வீசியவர்களும் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். இதை மீட்பு என்று நான் ஒப்பமாட்டேன்.

மாநகராட்சி இனி ஓர் ஏரிக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, கல்லுக்கும் கம்பிக்கும் ஆகும் செலவோடு, அந்த ஏரி நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கும், எத்தனை மழைநீரைத் தாங்கும், யாருக்கு வருமானம் தரும் என்பவற்றையும் எழுதி ஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். உங்கள் வட்டத்தில் ஏரிப் பணி நடக்குமானால், வாசகரே, அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.