எண்ணிக்கையும் மதிப்பும்: மருத்துவ ஆய்வாளரின் பணியை அளப்பது எப்படி?

கற்றவர் ஒருவரின் பணியை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினா எல்லாக் காலத்திலும் எழுந்துள்ளது. நம் காலத்தில் அவ்வினாவிற்கு எண்களால் விடை கூறும் வழக்கம் வேரூன்றிவிட்டது. மருத்துவ ஆய்வாளர் ஒருவர் பணியிடம் கோரும்போதும், பதவி உயர்வு நாடும்போதும், ஆய்வுக்கு நிதி வேண்டும்போதும், அவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவை எத்தனை முறை பிறரால் எடுத்தாளப்பட்டன என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. நம் சமுதாயத்து இளைஞரும் இளம்பெண்களும் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டு வரும் இந்நாளில், இவ்வெண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்ல மாட்டா என்பதை அவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

மேற்கோள் அட்டவணையின் தோற்றம்

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், தமக்கு முன்னோர் எவருடைய முடிவைப் பயன்படுத்தினாரோ அவருடைய கட்டுரையைத் தம் கட்டுரையில் பெயர் சுட்டிக் குறிப்பிடுவார். இதுவே மேற்கோள் எனப்படுகிறது. ஒரு தீர்ப்பு பிந்தைய தீர்ப்புகளில் எங்கெங்கு எடுத்தாளப்பட்டுள்ளது எனக் காண, அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே ஷெப்பர்டு என்பாரின் அட்டவணையைப் பயன்படுத்தி வந்தனர். அறிவியலுக்கும் அத்தகைய அட்டவணை ஒன்று வேண்டும் என யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. ஒரு கருத்து எங்கிருந்து புறப்பட்டு எங்குச் சென்று சேர்ந்தது எனத் தேடுவோர்க்கு வழிகாட்டுவதே அதன் முதல் நோக்கம். ஆளை அளக்கும் கோலாக அது பயன்படத் தொடங்கியது பின்னரே ஆகும்.

மூன்று அளவுகோல்கள்

இன்று பெரிதும் வழங்குபவை மூன்று. முதலாவது, ஆய்வாளரின் கட்டுரைகள் யாவும் பெற்ற மேற்கோள்களின் கூட்டுத்தொகை. இரண்டாவது, இதழின் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் பெற்ற மேற்கோள்களை, அவ்விரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. அஃது இதழுக்குரிய சராசரியேயன்றி, அதில் எழுதும் தனியொருவருக்கு உரியதன்று.

மூன்றாவது எச்-குறியீடு. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் இதனை முன்மொழிந்தார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 7, 4, 1 மேற்கோள்களைப் பெற்றிருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நான்கு கட்டுரைகள் குறைந்தது நான்கு மேற்கோள்களையேனும் பெற்றுள்ளன. எனவே அவருடைய குறியீடு 4. மற்றொருவரின் மூன்று கட்டுரைகள் 500, 3, 2 எனப் பெற்றிருப்பின் அவருடைய குறியீடு 2 மட்டுமே. ஐந்நூறு பேர் எடுத்தாண்ட ஒரே கட்டுரை இக்கணக்கில் ஏறக்குறைய மறைந்துபோவதை வாசகர்கள் உய்த்துணரலாம்.

ஒரே ஆய்வாளருக்கு வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்று தொகுப்புகளும் வெவ்வேறு எண்களையே தரும். அவை கணக்கில் கொள்ளும் இதழ்கள் வேறுபடுவதே காரணம். மேலும், மருத்துவத் துறையில் ஆய்வாளரும் மிகுதி, மேற்கோளும் மிகுதி. கணிதத்தில் இரண்டும் குறைவு. ஆகவே இரு துறையாரை ஒரே எண்ணால் ஒப்பிடுதல் பொருந்தாது. மேற்கோள் என்பது பயன்பாட்டின் அடையாளம் என்பதும் கருதத்தக்கது. உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் கணக்கிடும் ஒரு செய்முறையை விளக்கி லௌரியும் அவர்தம் துணைவரும் 1951-இல் எழுதியதாகும். அது 3 லட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளது.

கல்கத்தாவின் சம்பு நாத் தே

இவ்வளவுகோல்களின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்த டாக்டர் சம்பு நாத் தே, கல்கத்தாவில் காலரா நோயை ஆராய்ந்தார். இராபர்ட் கோக் 1884-இலேயே காலராக் கிருமியை இனங்கண்டிருந்தார். எனினும், அக்கிருமி உடலின் நீரை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பது தெளிவுபடவில்லை. தே, முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தி, அங்கு நீர் சேர்வதை 1953-இல் மெய்ப்பித்தார். பின்னர், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவமும் அதே விளைவைத் தருவதைக் கண்டு, 1959-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கிருமி வெளியிடும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது அதனால் நிறுவப்பட்டது.

அக்கட்டுரை தொடக்க ஆண்டுகளில் உரிய கவனத்தைப் பெறவில்லை. அந்நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் பணி 1969-இல் ரிச்சர்டு ஃபிங்கெல்ஸ்டீன் என்பாரால் நிறைவேறிய காலத்தில், அத்துறை பெருகி வளர்ந்திருந்தது. காலரா குறித்து 1978-இல் நடைபெற்ற நோபல் கருத்தரங்கிற்கு தே அழைக்கப்பட்டார். ஆயினும் இந்திய அறிவியல் கழகங்களுள் ஒன்றேனும் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-இல் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டிலேயே கார்ஃபீல்டு, தம் மேற்கோள் அட்டவணைகளைக் கொண்டு காலரா ஆய்வின் வளர்ச்சியை வரைபடமாக்கி, அதில் தே பெறும் இடத்தை விளக்கி எழுதினார். உயிருடன் இருந்தபோது உடன் பணிபுரிந்தோரும் உணராத பெருமையை மேற்கோள் கணக்கு வெளிக்கொணர்ந்தது என்பது அக்கணக்கின் சிறப்பாகும். அதே வேளையில், 1961-இல் ஒரு தேர்வுக் குழு இரண்டாண்டு மேற்கோள்களை மட்டும் நோக்கியிருந்தால் தே அதன் பார்வையில் பட்டிருக்கமாட்டார். அவர் வெளியிட்டவை முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கட்டுரைகளே. கட்டுரைகளின் எண்ணிக்கையை எச்-குறியீடு ஒருபோதும் விஞ்ச இயலாதாகையால், இன்றைய இளம் பேராசிரியர் பலரினும் அவர் பின்தங்கியவராகவே தோன்றுவார்.

சென்னையும் செங்கற்பட்டும்

தனியொருவரின் நிலை இதுவாயின், கூட்டாகச் செய்த பணியின் நிலை என்ன? இதற்கு நம் பகுதியிலேயே விடை உண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவ இல்லத்திலும் மறுபகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்தளித்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த இம்முடிவு, காசநோயாளியை வீட்டினின்று பிரித்துவைக்கும் வழக்கத்தையே உலகெங்கும் மாற்றிற்று. அக்கட்டுரை மையத்தின் பெயராலேயே அச்சிடப்பட்டது. நோயாளியின் வீடுகளுக்கு நடந்து சென்ற செவிலியரும், சளியைப் பரிசோதித்த ஆய்வகப் பணியாளரும், மருத்துவரும் எந்தத் தனிக் கணக்கிலும் இடம்பெறமாட்டார்கள்.

அம்மையமே 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது. பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய, 1968-இல் தொடங்கி ஏறத்தாழ 2.6 லட்சம் மக்களிடையே நடைபெற்ற ஆய்வும் இங்கு நினைவுகூரத்தக்கது. உத்திரமேரூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில் அது நடைபெற்றது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முழு விவரம் 1999-இல்தான் வெளியாயிற்று. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை எனக் கேட்கும் முறையின் கீழ் இத்தகைய ஆய்வில் ஈடுபட எந்த இளைஞர் முன்வருவார்?

ஹதீஸ் கலையில் ஒரு முன்னுதாரணம்

அறிவித்தவற்றை எண்ணும் வழக்கம் நம் கல்வி மரபிற்குப் புதிதன்று. குர்துபாவின் பகீ இப்னு மக்லத் (மறைவு ஹிஜ்ரி 276) தொகுத்த முஸ்னதை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு நபித்தோழரும் அறிவித்த ஹதீஸ்களின் எண்ணிக்கையைப் பின்னோர் பட்டியலிட்டனர். அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு 5374 எனவும், அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு 142 எனவும் அதில் காணலாம். இவ்வெண்களை வைத்து எவரும் தோழர்களின் தகுதியை வரிசைப்படுத்தவில்லை. முன்னவர் நபி (ஸல்) அவர்களுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து கற்பித்தார். பின்னவர் ஆட்சிப் பொறுப்புடன் இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமே வாழ்ந்தார் என உலமாக்கள் காரணம் கூறினர். எண்ணைப் பதிவு செய்ததோடு, அவ்வெண் எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் ஆராய்ந்தமை அவர்தம் நேர்மை. ஓர் அறிவிப்பின் தரத்தை அறியவோ, அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் தனித்தனியே ஆய்ந்தனர்.

அளவுகோல் இலக்கானால்

எண்ணே இலக்காகிவிட்டால், எண்ணை உற்பத்தி செய்வோர் தோன்றுவர். முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. அதன்பின், பணம் பெற்றுக்கொண்டு எதையும் ஆராயாமல் அச்சிடும் போலி இதழ்கள் நம் நாட்டில் பெருகின. 2022-ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. தரமான இதழ்களை அடையாளம் காட்ட 2018-இல் அறிவிக்கப்பட்ட 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளரிடமும் கல்வி நிறுவனத்திடமும் உள்ளது. உலக அளவிலும், 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை, இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனியாளை மதிப்பிடலாகாது என வலியுறுத்திற்று. 2015-இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, எண்கள் அறிஞரின் தீர்ப்புக்குத் துணைநிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது என்றது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் நெறி

அவ்வாறாயின் எண்களுக்கு எந்த இடத்தை அளிப்பது? முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது. வாரிய உறுப்பினராவோர்க்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், 35-க்கு மேல் 70-க்குள் அகவையும் வேண்டும் என அது அளவு கூறுகிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரை விலக்குகிறது. கற்றோராயின் அரைக்கால் வேலியே போதும் எனச் சலுகையும் தருகிறது. நிலம் மிகுந்தவர் முதலிடம் பெறுவார் என அஃது எங்கும் கூறவில்லை. அளவை வாயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே வேறு முறையை அது கையாண்டது. அன்று அம்முறை குடவோலையாக இருந்தது. ஆய்வாளரைத் தெரிவதில் அஃது அவருடைய எழுத்தைப் படித்துப் பார்ப்பதாக இருத்தல் வேண்டும்.

எனவே, தேர்வுக் குழுவில் அமர்வோர் ஆய்வாளரின் மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளையேனும் முழுமையாகப் படிக்கட்டும். எண்ணைக் காணும்போது எந்தத் தொகுப்பின் எண், எந்தத் துறை, எத்தனை ஆண்டுப் பணி, கூட்டுக் கட்டுரையில் இவருடைய பங்கு யாது என வினவட்டும். ஆய்வில் இறங்கும் நம் மாணவர்களும், இவ்வாண்டு எத்தனை கட்டுரை வரும் என்பதற்கு முன், தம் ஆய்வினால் எந்த நோயாளியின் எந்தத் துன்பம் குறையும் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. சம்பு நாத் தே அவ்வினாவுடனேயே தம் ஆய்வைத் தொடங்கினார் என்பதற்கு அவருடைய கட்டுரைகளே சான்று.