அடைக்கலம் தந்த ஆற்றங்கரை

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையைத் தரிசிக்கத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வருவோர், திருமானூர் அருகே கொள்ளிடப் பாலத்தைக் கடந்து வருகின்றனர். கீழே பரந்து கிடக்கும் மணற்பரப்பை ஒரு கணம் நோக்கிவிட்டு அப்பால் செல்கிறோம். அன்னையின் பெயருக்கும் அந்த ஆற்றுக்கும் உள்ள உறவை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம், மிகுந்து வரும் வெள்ளத்தைத் தன்னுள் ஏற்றுக் கடலில் சேர்க்கிறது. முற்காலத்தில் அது நாட்டின் எல்லையாகவும் விளங்கிற்று. தென்கரை தஞ்சை அரசருக்குரியது. வடகரை அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களுக்குரியது. 1701-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் ஷாஜியின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் கொடுந்துன்பத்திற்கு ஆளாயினர். வீடு வாசலைத் துறந்து ஆற்றைக் கடந்தவர்களுக்கு வடகரைச் சிற்றூர்கள் புகலிடமாயின.

அக்கரையில்தான் சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் பின்னர் பல்லாண்டு பணியாற்றினார். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், ஏலாக்குறிச்சிக்குத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டு, அன்னையின் மீது கலம்பகமும் பாடினார். உபதேசியார்களுக்கு இங்கே கல்வி புகட்டினார். அரியலூர் அரங்கப்ப மழவராயர் தம் நோய் நீங்கிய நன்றிக்கு ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வேற்றுச் சமயத்தவரான ஒரு தலைவரின் கொடையும் இத்தலத்தின் வரலாற்றில் கலந்திருப்பதை நாம் மறத்தலாகாது.

கிழக்கே சென்றால் அணைக்கரை. 1836-இல் கீழணை கட்டப்பட்டபோது, அருகிலுள்ள கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. சோழனின் தலைநகரத்துக் கற்கள் உழவனின் வயலுக்கு நீர் தேக்க வந்தன! அந்த அணையின் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரியை அடைந்து, 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தணிக்கிறது.

இத்துணை நன்மை செய்யும் ஆற்றின் இன்றைய நிலை என்ன? ஆற்றுமணல் வெறும் மண்ணன்று. வெள்ளநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டும் சேமக்கலம் அது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் அந்த மணலுக்கடியில் உள்ள நீரையே நம்பியுள்ளன. மேட்டூர் அணை 1934-இல் எழுந்தபின், மேலிருந்து வரும் வண்டலும் மணலும் பெரிதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகவே அள்ளிய மணல் எளிதில் திரும்புவதில்லை. ஆற்றின் படுகை தாழத் தாழ, கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்கிறது. பாலங்களின் அடித்தளமும் வலுவிழக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் மதகுகள் இடிந்து, தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே கண்டு திகைத்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என வலியுறுத்தினார். அப்படியானால் ஆற்றைக் காப்பதும் அயலாரை அன்பு செய்வதேயாகும். திருப்பயணம் செல்லும் நாம், ஞெகிழிக் குப்பையை ஆற்றங்கரையில் எறியாதிருப்போம். மணற்கொள்ளையைத் தடுக்க ஊரார் குரல் எழுப்பும்போது, அது பிறர் வேலை என்று ஒதுங்காதிருப்போம். கிணறு வற்றினால் முதலில் குடத்தைச் சுமந்து அலைபவள் ஏழைத்தாய் அல்லவா?

அன்று நம் முன்னோர் கொள்ளிடத்தைக் கடந்து அடைக்கலம் பெற்றனர். இன்று அக்கொள்ளிடமே நம்மிடம் அடைக்கலம் தேடி நிற்கிறது. அடைக்கல அன்னையின் பிள்ளைகளாகிய நாம் அதனைக் கைவிடலாமா?