சேற்றில் யாருக்கு இடம்?

பிறைக்குத் தெற்கே ஜூரு பக்கத்துக் கடலோரம் நீர் வற்றும்போது கரும்பழுப்புச் சேற்றுவெளியாக விரிந்து கிடக்கும். சார் குவே தியாவில் நாம் தேடித் தின்னும் கெராங் இப்படிப்பட்ட சேற்றில்தான் விளைகிறது. எல்லாச் சேறும் அதற்குச் சரிப்படாது. பினாங்கு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கெராங் வளர்ப்பை ஆராய்ந்த பத்தன்சாலியும் சூங்கும் 1958இல் வெளியிட்ட ஆய்வே மலாயாவில் இதற்கு அடிப்படையாக நின்றது. அலை அடிக்காத இடம், மென்மையான சேறு, ஆற்று நன்னீர் கலந்தாலும் உப்பு அளவுக்குமேல் குறையாத நீர் என்று கெராங் கேட்கும் நிபந்தனைகள் பல. சேற்றின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே அது புதைந்திருக்கும். அங்கே உயிர்வளி குறைவு என்பதால், சிப்பிகளில் அபூர்வமான ஹீமோகுளோபின் அதன் இரத்தத்தில் உண்டு. சற்றுத் தள்ளி மணல் கலந்த தரையில் மட்டி வாழும். கம்பத்திலும் பாறையிலும் பச்சைச் சிப்பி ஒட்டிக்கொள்ளும். ஒரே கடல், ஒரே அலைநீர், அதில் மிதந்துவரும் ஒரே வகை நுண்ணுணவு. ஆனாலும் இவை ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடவில்லை. கடந்தகாலத்து ஓட்டுயிர்களைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய உண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மறக்கப்பட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிராக்கியோபாட் என்ற உயிரினத்தின் கதை. பார்வைக்கு இதுவும் சிப்பிதான். இரண்டு ஓடு, உள்ளே மெல்லிய உடல், நீரை வடிகட்டி உண்ணும் வழக்கம். ஆனால் சிப்பிக்கு இடம் வலமாக அமைந்த ஓடுகள் இதற்கு மேலும் கீழுமாக அமைந்திருக்கும். சிப்பி பெரும்பாலும் செவுளால் உணவை வடிகட்டும். பிராக்கியோபாட்டோ மயிரிழைகள் அடர்ந்த சுருள் உறுப்பு ஒன்றால் வடிகட்டும். வம்சத்தில் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. 500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறக்குறைய 250 மில்லியன் ஆண்டுகள் கடல்தரையில் பிராக்கியோபாட்டின் ஆட்சி. விவரிக்கப்பட்ட புதைபடிவ இனங்கள் மட்டும் 12,000க்கு மேல். இன்று உயிரோடிருப்பவை ஏறத்தாழ 400. சிப்பிகளோ இன்று பல ஆயிரம் இனங்களாகப் பெருகிக் கிடக்கின்றன. ஒன்று தேய்ந்தது, ஒன்று வளர்ந்தது. ஆகவே திறமைசாலியான சிப்பி பிராக்கியோபாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விரட்டியது என்று தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் இடிக்கிறது.

1980இல் ஸ்டீபன் ஜே கூல்டும் பிராட்ஃபர்ட் கேலவேயும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சிப்பி உண்மையிலேயே மற்றதைத் தள்ளிக்கொண்டு வளர்ந்திருந்தால், ஒன்றின் பேரினங்கள் கூடும் காலத்தில் மற்றதன் பேரினங்கள் குறைந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை. பழைய உயிரூழி (பேலியோசோயிக்) முழுதும் இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. பெரிய மாற்றம் நிகழ்ந்தது ஒரே ஒரு தருணத்தில்தான்: 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் நேர்ந்த பேரழிவில். பிராக்கியோபாட் பேரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. சிப்பிகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக அழிந்தன. இரண்டு கூட்டமும் இரவில் கடந்துபோன கப்பல்கள் போன்றவை என்று அவ்விருவரும் தலைப்பிலேயே தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

புதைபடிவக் கணக்கை நம்பலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பல சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகையால் ஆனது. அது எளிதில் கரைந்துவிடும். பிராக்கியோபாட்டுகளில் பெரும்பாலானவற்றின் ஓடு கால்சைட், அது நீடிக்கும். ஆகவே பழைய கடல்களில் சிப்பிகள் நம் கணக்கில் வருவதைவிட அதிகமாகவே இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஐயம் விரட்டல் கதையைக் காப்பாற்றவில்லை, இன்னும் பலவீனப்படுத்துகிறது. கணக்கில் விழாத சிப்பிகள் ஏராளமாக இருந்திருந்தால், அத்தனைக்கும் நடுவில்தான் பிராக்கியோபாட் செழித்திருக்கிறது. 2014இல் ஜொனாதன் பெய்னும் கூட்டாளிகளும் இதை வேறு அளவுகோலால் அளந்தார்கள். தலைகளை மட்டும் எண்ணாமல், உடலளவையும் உயிர்வேகத்தையும் வைத்து இரு கூட்டங்களும் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டன என்று கணித்தார்கள். பிராக்கியோபாட்டின் இனவகை சரிவதற்கு 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே ஆற்றல் கணக்கில் சிப்பி முந்திவிட்டதாம். கூடுதலாகத் தின்னும் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு காலமும் மற்றவன் மெலியவில்லை என்றால், இருவரும் ஒரே தட்டுக்குக் கைநீட்டவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் நீட்டவில்லை என்பதற்கான விடை இருப்பிடத்தில் இருக்கிறது. பழைய உயிரூழியில் சிப்பிகள் பெரும்பாலும் கரையை ஒட்டிய கலங்கல் நீரிலும் சேற்றிலும் திரண்டிருந்தன. பிராக்கியோபாட்டுகள் கரையிலிருந்து விலகி, தெளிந்த ஆழமில்லாக் கடல்களின் தரைமேல் காம்பு ஊன்றியோ சும்மா சாய்ந்தோ கிடந்தன. நம் வட்டாரத்துப் பாறைகளும் இதில் சாட்சி சொல்ல வரும். லங்காவியின் சிங்கா படிவத்தில் கிடைத்த தொடக்கப் பெர்மியன் பிராக்கியோபாட்டுகளை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் முகமட் ஷாஃபியா லேமானும் உடன் ஆய்வாளர்களும் விவரித்திருக்கிறார்கள். பிறையிலிருந்து கிழக்கே போனால் கூலிம், பாலிங் வட்டாரத்தில் செமாங்கோல் படிவம் தலைநீட்டும். பெர்மியன் முடிவையும் அடுத்த டிரையாசிக் காலத்தையும் தழுவிய ஆழ்கடல் படிவு அது. செமாங்கோலின் டிரையாசிக் அடுக்குகளில் பேர்பெற்றவை டாவோனெல்லா, ஹாலோபியா எனும் தட்டையான, தாள் போன்ற சிப்பிகள். உயிர்வளி குன்றிய கடல்தரையோடு இவ்வகைச் சிப்பிகள் உலகெங்கும் சேர்த்துப் பேசப்படுகின்றன. இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்து, பேரழிவுக்கு முன் பிராக்கியோபாட், பின் சிப்பி என்று கதை கட்டிவிட ஆசை வரும். கட்டக்கூடாது. லங்காவிப் பாறை ஒரு வகைத் தரை, செமாங்கோல் பாறை வேறு வகைத் தரை. காலம் மட்டுமல்ல, வீடும் மாறியிருக்கிறது.

பேரழிவில் ஒரு கூட்டம் பெரிதும் மடிந்து மற்றது பாதி தப்பியதற்கு உடலமைப்பில் காரணம் தேடலாம். சைபீரிய எரிமலைகள் கக்கிய கரியமில வாயுவால் கடல் சூடாகி, அமிலத்தன்மை ஏறி, உயிர்வளி இழந்தது. பிராக்கியோபாட்டின் உயிர்வேகம் மிகக் குறைவு. உடலுக்குள் ஏறும் கரியமிலத்தைச் சமாளிக்கும் ஏற்பாடும் அதனிடம் குறைவு. அமைதியான காலத்தில் சிக்கனம் வரம். நெருக்கடியில் அதுவே வினையானது. சிப்பிகளுக்குச் செவுளும் தசைக்காலும் சுறுசுறுப்பும் இருந்தன, கெட்ட சேற்றில் வாழ்ந்த பழக்கமும் இருந்தது. இதைச் சிப்பியின் வெற்றி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரியோடு மோதி வாங்கிய வெற்றியல்ல இது. இருவர்மீதும் விழுந்த ஒரே இடியில் ஒருவருக்கு அடி குறைவு, அவ்வளவுதான்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. அழிவு வந்தது சரி, அதன்பின் 250 மில்லியன் ஆண்டுகள் கிடைத்தனவே, பிராக்கியோபாட் ஏன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை? போட்டியே இல்லையென்றால் திரும்பியிருக்க வேண்டாமா? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கூல்ட், கேலவேயின் தீர்ப்பு இந்த இடத்தில் போதவில்லை. ஜார்ஜ்டவுன் கடைவீதியில் தீப்பிடித்து வரிசையாகக் கடைகள் காலியானால், மறுமாதம் முதலில் வந்து பலகை மாட்டுகிறவருக்கே அந்த இடம். பழைய கடைக்காரர் ஊர் திரும்பும்போது அவருடைய திறமை குறையாவிட்டாலும் வாடகைக்கு இடம் இருக்காது. பேரழிவுக்குப்பின் சிப்பிகள் செய்தது அதுதான். உடற்போர்வையின் ஓரங்கள் இணைந்து உறிஞ்சுகுழாய்களாக நீண்ட சிப்பிகள் சேற்றுக்குள் ஆழப் புதைந்துகொண்டே மேலே உள்ள நீரைக் குடிக்கக் கற்றன; பழைய உயிரூழிக்குப் பிந்திய சிப்பிப் பெருக்கத்துக்கு இதுவே திறவுகோல் என்று ஸ்டீவன் ஸ்டான்லி 1968இலேயே காட்டினார். புதைந்து நகரும் உயிர்கள் பெருகப் பெருகச் சேறு ஓயாமல் கிளறப்பட்டது. தரைமேல் அசையாமல் கிடக்கும் உயிருக்கு அந்தக் கிளறல் புதைகுழி என்று சார்ல்ஸ் தேயர் 1979இல் வாதிட்டார். ஓட்டை உடைத்தும் துளைத்தும் தின்னும் நண்டு, மீன், நத்தைகளும் அதே ஊழியில் பெருகின. இதில் ஒரு வேடிக்கை உண்டு: தேயர் பின்னர் நடத்திய சோதனைகளில் வேட்டையாடிகள் பிராக்கியோபாட்டைவிடச் சிப்பியின் சதையையே விரும்பின. சுவையில்லாமல் இருப்பதும் ஒரு காப்புத்தான். ஆனால் அந்தக் காப்பு இடத்தைப் பெற்றுத் தரவில்லை.

போட்டி இருந்தது என்பதற்கு எண்வழிச் சான்றும் வந்துவிட்டது. 2015இல் லீ சியாங் லியாவ், டிராண்ட் ரெய்டன், பால் ஹார்னிக் மூவரும் ஓர்டோவீசியன் காலம் தொட்டு இன்றுவரை இரு கூட்டங்களின் தோற்ற வேகத்தையும் அழிவு வேகத்தையும் பிரித்து, படிவப் பதிவில் உள்ள ஓட்டைகளையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தார்கள். சிப்பிகளின் அழிவு வேகம் கூடியபோதெல்லாம் பிராக்கியோபாட்டில் புதிய பேரினங்கள் தோன்றும் வேகம் கூடியிருக்கிறது. சிப்பி இருந்தவரை பிராக்கியோபாட்டுக்குப் புதுக் கிளை விட இடம் கிடைக்கவில்லை. சிப்பி விலகியபோது கிடைத்தது. இரவில் கடந்துபோன கப்பல்கள் மட்டுமல்ல என்று அவர்களும் தலைப்பிலேயே பதில் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். என் பார்வையில் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. இருப்பவரை வெளியேற்றியதா என்பது ஒரு கேள்வி. வரவேண்டியவரை வரவிடாமல் செய்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு ஆம்.

வரவிடாமல் செய்தது என்றாலும் முற்றாகத் துடைத்துவிடவில்லை என்பதற்கு இந்தியப் பாறைகளே சான்று. கச்சு வளைகுடாப் பகுதியின் ஜுராசிக் பாறைகளில் பிராக்கியோபாட்டுகள் தாராளமாகவே கிடைக்கின்றன. அதற்கும் பிந்திய கிரெட்டேசியக் கடல் அரியலூர் வட்டாரத்தை மூடியிருந்தது. அந்தப் படிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தியப் புவியியல் அளவைத் துறைக்காக ஆராய்ந்து வெளியிட்டார். பினாங்குத் தீவின் நில நத்தைகளைப் பற்றி 1870களின் தொடக்கத்தில் கட்டுரை எழுதியவரும் இதே ஸ்டோலிச்காதான். 1874இல் லடாக்கில் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தார். அவருடைய தென்னிந்தியத் தொகுதிகளில் சிப்பிகளுக்கு 1871இல் முடிந்த பருத்த நூல் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது; பிராக்கியோபாட்டுகளுக்கு 1872இல் வந்த மெல்லிய பகுதியே போதுமானதாக இருந்தது. இரண்டின் கனத்தைப் பார்த்தாலே காலம் புரட்டிப்போட்ட விகிதம் தெரியும். ஆனாலும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் கிரைஃபியா எனும் கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்க, அதே படிவத்தில் பிராக்கியோபாட்டும் இருக்கிறது. பேரழிவு முடிந்து ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுகள் ஆன பிறகும் ஒரே கடலில் குடியிருப்பு.

இன்னும் வலுவான சான்று லிங்குலா. இந்தியப் பெருங்கடல் தொடங்கிப் பசிபிக் வரையுள்ள வெப்பக் கரைகளில், சிப்பிகளுக்கே உரியதாக நாம் நினைக்கும் அதே சேற்றில், செங்குத்தாகக் குழி தோண்டி நீண்ட காம்பால் தன்னை உள்ளிழுத்துக்கொண்டு வாழும் பிராக்கியோபாட் அது. ஓடு சுண்ணாம்பல்ல, கால்சியம் பாஸ்பேட். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். காலத்தால் உறைந்த உயிர் என்று அதைப் புகழ்வார்கள். 2015இல் ஒக்கினாவா அறிவியல், தொழில்நுட்பக் கழகத்தார் அதன் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டு, உள்ளே மாற்றம் ஓயவில்லை என்று காட்டினார்கள். வாதத்துக்கு வேண்டியது வேறொன்று. புதைந்து வாழும் கலையில் சிப்பியே நிகரற்றது, அதனால் வென்றது என்றால், அந்தக் கலையின் தலைமையகமான சேற்றிலேயே லிங்குலா நிலைத்திருக்கக் கூடாது. மாறாகத் தரைமேல் கிடந்த அதன் உறவினர்கள்தான் குளிர்ந்த கடற்கழிகளுக்கும் கடற்குகைகளுக்கும் ஆழ்கடலுக்கும் ஒதுங்கினார்கள்.

ஓர் உயிர் குறைவதைக் கண்டதும் பகையாளியைத் தேடும் பழக்கத்துக்கு நம் கரையிலேயே மறுப்பு உண்டு. 1980 வாக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டிய மலேசியக் கெராங் விளைச்சல் பின்னர் கடுமையாகச் சரிந்தது. இடத்தைப் பிடித்துக்கொண்ட வேறொரு சிப்பி அதற்குக் காரணமல்ல; நீர் கெட்டதும் குஞ்சு கிடைக்காமல் போனதும்தான் முன்னால் நிற்கும் காரணங்கள். எதிர்காலத்தில் ஒரு புவியியலாளர் இந்தச் சேறு கல்லானபின் தோண்டினால், கெராங் ஓடு அருகும் அடுக்கைக் கண்டு என்ன எழுதுவாரோ. செபராங் பிறையின் வடக்கே குவார் கெப்பாவில் 1860இலேயே பதிவான சிப்பி மேடுகள் இதற்கு மறுபுறம். 2017 ஏப்ரலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பெண்ணின் எலும்புக்கூட்டை எடுத்தார்களே, அதே இடம். கடல்மட்டம் இன்றைக்கு மேல் நின்ற காலத்து ஓடுகள் மலைபோல் குவிந்திருந்தாலும், அவற்றின் விகிதம் அன்றைய கடல்தரையின் விகிதம் ஆகாது. மனிதர் விரும்பித் தின்றவை மட்டுமே அங்கே சேர்ந்தன. ஓடு எங்கே, எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது தெரியாமல் ஓட்டை மட்டும் வைத்துப் போட்டியா பகிர்வா என்று தீர்ப்பளிக்க முடியாது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கெடாவிலும் பெர்லிஸிலும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் குன்றுகள் வெட்டப்படுகின்றன. வெட்டுமுகத்தில் ஓட்டுத் தடம் ஏதும் கண்ணில் பட்டால் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுக்கு தெரியும்படி படம் எடுத்து, கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பிவையுங்கள்.