குருதியின் வேகத்தை அளக்கும் கேளா ஒலி

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, வாய்க்கால் நீர் மதகில் சீறிப் பாய்வதைப் போலக் குருதியும் அவ்விடத்தில் விரைவு கொள்கிறது. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடுவதால், அதே அளவு குருதி கடந்துசெல்ல வேகம் நான்கு மடங்காக வேண்டும். டாப்ளர் ஸ்கேன் அடைப்பைக் கணிப்பது பெரும்பாலும் இந்த வேகத்தைக் கொண்டுதான்.

நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான விதியை ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராக் நகரில் வெளியிட்டபோது, அவர் விளக்க முயன்றது இரட்டை விண்மீன்களின் நிறத்தை. அந்த விளக்கம் பிழையாகிப்போனது, விதி மட்டும் நிலைத்தது. 1950களில் ஒசாக்காவில் ஷிகியோ சாட்டோமுரா அதனை மனித உடலுக்குப் பயன்படுத்தினார்.

தோலில் களிம்பு தடவி வைக்கப்படும் கருவியிலிருந்து விநாடிக்கு 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட, செவிக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுச் சிதறித் திரும்புகையில் அதன் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் குருதியை 60 பாகைச் சாய்வில் நோக்கினால் அம்மாற்றம் ஏறத்தாழ 3,200 அதிர்வுகள். இது மனிதச் செவிக்கு எட்டும் எல்லைக்குள் அமைவதால்தான் ஸ்கேன் அறையில் நாடித்துடிப்போடு இயைந்த அந்த இரைச்சல் கேட்கிறது. திரையின் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பலர் அஞ்சுவதுபோல் அல்ல. கருவியை நோக்கி வரும் ஓட்டத்தையும் விலகும் ஓட்டத்தையும் பிரித்துக் காட்டும் குறிகளே அவை.

ஓட்டத்துக்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடித்தால் மாற்றமே பதிவாகாது என்பதால், சாய்வு 60 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதில்தான் பரிசோதகரின் கைத்திறன் இருக்கிறது. கழுத்துத் தமனியில் உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ.யை எட்டினால் பாதிக்கு மேற்பட்ட குறுகலையும், 230 செ.மீ.யைத் தாண்டினால் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறுகலையும் மருத்துவர் ஐயுறுவர். ஆயினும் வழி நூலிழையாகச் சுருங்கிய நிலையில் குருதியே போதிய அளவு நுழையாமல் வேகம் மீண்டும் தாழ்ந்துவிடுவதால், எண்ணை மட்டும் நம்புபவருக்கு மிகக் கொடிய அடைப்பு சாதாரணமாகத் தோன்றக்கூடும்; அப்போது காப்பாற்றுவது படமே.

கால் தமனிகளுக்கு எளிய வழி ஒன்றும் உண்டு. கணுக்காலின் குருதி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் ஈவு 0.9 அல்லது அதற்குக் குறைவாயின் அடைப்பு உண்டெனக் கொள்வர்; நீண்டகால நீரிழிவினால் சுண்ணாம்பேறி விறைத்த தமனி அளக்கச் சுற்றிய பட்டையின் அழுத்தத்துக்கு மசியாமல் ஈவை 1.4க்கும் மேலே ஏற்றிவிட்டால், கால் பெருவிரலில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.