‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்!’ காலம் போச்சு... கம்பு இல்லாமல் வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

மதியச் சாப்பாடு முடிந்து முதல் பீரியட். ஏழாம் வகுப்பு. மின்விசிறிச் சத்தத்தையும் மீறி வகுப்பு இரைகிறது. டீச்சர் உள்ளே வருகிறார்.

“சைலன்ஸ்!”

இரண்டு நொடி அமைதி. மறுபடியும் இரைச்சல். டஸ்டரால் மேஜையைத் தட்டுகிறார். மூன்று நொடி அமைதி. கரும்பலகையில் எழுதத் திரும்பியதும் கடைசி பெஞ்சில் யாரோ ‘களுக்’கென்று சிரிக்க, “யாரது?” என்று விசாரணை தொடங்குகிறது. அது முடிவதற்குள் பாதி பீரியட் போய்விடுகிறது.

இந்தக் காட்சியைக் கடந்து வராத ஆசிரியரே இருக்க முடியாது. ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கு ஒரே மருந்து கம்புதான். “கண்ணை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவார்கள். இன்று அது முடியாது. “கம்பையும் பிடுங்கிட்டாங்க, நாங்க என்னதான் பண்றது?” என்று ஆசிரியர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முட்டி போடச் சொல்வதும் தண்டனைதான்!

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தைக்கு உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. மீறினால் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம்.

‘நான் அடிக்கிறதே இல்லை, முட்டி போட வைப்பதோடு சரி’ என்று சிலர் நினைக்கலாம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலில் முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் ஏற்றுவது, பையைத் தலையில் வைத்து நிற்க வைப்பது எல்லாமே உடல் தண்டனைதான். குத்தலாகப் பேசுவதும், பட்டப்பெயர் வைப்பதும், குடும்பத்தைச் சொல்லிக் காட்டுவதும் மனத் துன்புறுத்தல்.

பேப்பர் படித்த மாணவர்

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூனின் அவரைக் கண்டித்தார். உடனே, எந்தத் தப்பும் செய்யாத மற்ற மாணவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரைத் திட்டினால் அது வகுப்பு முழுவதும் அலைபோலப் பரவுகிறது என்பதைக் கவனித்த அவர், அதையே ஆராயத் தொடங்கினார்.

சிறு குழந்தைகளின் வகுப்புகளைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ‘என்ன செய்ய வேண்டும்’ என்று தெளிவாகச் சொன்னால், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒழுங்கானார்கள். கோபமாகக் கத்தினால், அவர்கள் மிரண்டு, இருந்த கவனத்தையும் இழந்தார்கள்.

பிறகு பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-ல் புத்தகமாக வெளியிட்டார். சேட்டை நடந்த பிறகு எப்படிக் கண்டித்தார்கள் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலவரமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சேட்டைக்கு முன்பே ஆசிரியர் என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. வகுப்பு முழுக்க ஒரு கண் வைத்திருப்பவர், பாடத்தை இழுக்காமல் நகர்த்துபவர், அடுத்து என்ன என்பதைத் தயாராக வைத்திருப்பவர்... இவர்களுடைய வகுப்புகளில் சேட்டைக்கே இடம் குறைந்தது.

முதல் ஐந்து நிமிடம் முக்கியம்

வகுப்பு கைவிட்டுப் போவது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். வருகைப் பதிவு எடுக்கும்போதும், நோட்டு கொடுக்கும்போதும் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் அரட்டை நுழைகிறது.

* வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புங்கள். யார் முகம் வாடியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

* கரும்பலகையில் ஒரு சின்ன வேலை தயாராக இருக்கட்டும். நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, ஒரு கணக்கு போதும். உட்கார்ந்ததும் எழுத வேண்டும் என்பது தினசரிப் பழக்கமாகட்டும்.

* பெரிய படங்களை முன்கூட்டியே வரைந்துவிடுங்கள். எழுதும்போது முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

* மேஜையோடு நின்றுவிடாமல் கடைசி பெஞ்ச் வரை நடந்துகொண்டே நடத்துங்கள். பேசுகிறவன் பக்கத்தில் போய் நின்றாலே பேச்சு நின்றுவிடும். பாடத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

கத்தினால் தொண்டைதான் போகும்

நாற்பது குரல்களோடு ஒரு குரல் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அதனால் ஒரு சைகையைப் பழக்குங்கள். ஆசிரியர் கையைத் தூக்கினால் எல்லோரும் கையைத் தூக்கி அமைதியாக வேண்டும். சின்ன வகுப்பென்றால், ஆசிரியர் தாளமாகக் கை தட்ட, பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டலாம். முதல் வாரம் இதை விளையாட்டாகப் பலமுறை பழக்க வேண்டும்.

முழு அமைதி வந்த பிறகே பேசுங்கள். இரைச்சலுக்கு நடுவே பேசத் தொடங்கினால், ‘டீச்சர் பேசும்போது நாமும் பேசலாம்’ என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். “பேசாதே” என்பதைவிட, “பக்கம் 32, மூன்றாவது கேள்வி, எழுது” என்பது வேலை செய்யும்.

போர்டில் பெயர் எழுதும் லீடர்

டீச்சர் இல்லாதபோது லீடர் எழுந்து, ‘பேசியவர்கள்’ என்று பட்டியல் போடுவதும், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் இன்ட்டு மார்க் ஏறுவதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் லீடரின் நண்பர்கள் பெயர் வராது என்பதும் தெரியும்! பிடிக்காதவர்களைப் பழிவாங்கும் பட்டியலாக அது மாறிவிடுகிறது.

அதற்குப் பதில் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கலாம். நோட்டு சேகரிக்க ஒருவர், கரும்பலகைக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர் என வாராவாரம் சுழற்சி முறையில் மாற்றுங்கள். ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு எழுந்து நடக்க ஒரு காரணம் கிடைக்கும்.

மூன்று நொடி பொறுங்கள்

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதையே மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். முதல் பெஞ்ச் மட்டும் பதில் சொல்லும் வகுப்பில், கடைசி பெஞ்சுக்குப் பேச வேறு விஷயம் வேண்டியிருக்கிறது.

சேட்டைக்குப் பின்னால் என்ன?

இத்தனை செய்தும் ஒருவன் மட்டும் அடங்கவில்லையா? அவன் *எப்போது* சேட்டை செய்கிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். காலையில் சாப்பிடாமல் வருகிறவனாக இருக்கலாம். கரும்பலகை சரியாகத் தெரியாதவனாக இருக்கலாம்.

உரக்க வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போது மட்டும் பென்சிலைக் கீழே போடுகிற, பக்கத்துப் பையனைச் சீண்டுகிற பிள்ளைகள் உண்டு. ‘வாசிக்கத் தெரியாதவன்’ என்று நாற்பது பேர் சிரிப்பதைவிட, ‘சேட்டைக்காரன்’ என்று வெளியே நிற்பது அவனுக்குக் கௌரவம். அவனை வெளியே அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவன் விரும்பியதைத்தான் நாம் கொடுக்கிறோம்.

முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, “நாளைக்கு இந்த நாலு வரியை நீதான் வாசிக்கப்போறே, வா, ஒரு தடவை சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். கண்டிப்பதாக இருந்தாலும் தனியாகவே கண்டியுங்கள். ஒருவன் செய்த தப்புக்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்காதீர்கள். அது நல்ல பிள்ளைகளையும் உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு...

இதெல்லாம் ஆசிரியர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமல்ல. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். உங்கள் பள்ளியில் அப்படி இருக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். “நல்லா அடிங்க சார்” என்று பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். வீட்டில் நோயோ சண்டையோ இடமாற்றமோ இருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மாணவர்களுக்கான வழிகாட்டுதலுக்குத் தமிழக அரசின் 14417 எண்ணையும், ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 1098 எண்ணையும் அழைக்கலாம்.

நாளை மதியம் அதே ஏழாம் வகுப்பு, அதே இரைச்சல் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். டஸ்டரைத் தட்டுவதற்குப் பதில், பிள்ளைகள் வருவதற்குள் கரும்பலகையில் இரண்டு கேள்வி எழுதிவிட்டு, வாசலில் போய் நில்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்!