கோட்டும் கையும்

தாராவியில் எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து, ஊருக்கு அனுப்பிய படம். கோட்டு அணிந்து, செதுக்கு வேலை செய்த நாற்காலியில் கை ஊன்றி நிற்கிறார். பின்னே மாளிகைத் தூண்கள் வரைந்த திரை. தாத்தாவோ தோல் பதனிடும் தொழிலாளி. கோட்டும் நாற்காலியும் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். நண்பர்கள் வரும்போது அந்தப் படத்தைக் கண்டு நான் நாணியதுண்டு.

அந்தக் கோலம் எங்கிருந்து வந்தது? மன்னர்களின் உருவ ஓவியங்களிலிருந்து வந்தது.

1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா அக்கலையில் வல்லவர். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1881இல் முழு ஆட்சியுரிமை பெற்ற காலத்தில், அவ்வரண்மனைக்குச் சென்று ஓவியங்கள் தீட்டினார். அம்மன்னர் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். கெய்க்வாட் மரபின் தொலைக் கிளையொன்றில், நாசிக் மாவட்டத்துக் கவ்லானா என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1875இல், பன்னிரண்டாம் வயதில், தத்து எடுக்கப்பட்டவர்.

அத்தகையவரையும் அரசராகக் காட்டுவது எப்படி? தலைப்பாகை, முத்துமாலை, வாள், தூண், திரை ஆகியவை பதவியைச் சொல்லும். பார்ப்பவர் கண்மட்டத்தைத் தாழ்த்தி வரைந்தால் உருவம் ஓங்கி நிற்கும்.

இங்கே என் பாடமாகிய வேதியியலும் உதவுகிறது. நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகி விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. வண்ணத் துகள்களைச் சூழ்ந்தே நிற்பதால் நிறம் ஆழமாகத் தெரியும். ஈரம் நெடுநேரம் இருப்பதால் ஒளியையும் நிழலையும் குழைத்து இணைக்கலாம். வெல்வெட்டின் கருமையும் முத்தின் மினுக்கும் இப்படிப் பிறப்பவை.

அதே குழைவினால்தான் இமையின் சோர்வும் உதட்டின் உறுதியும் பிறக்கின்றன. அணிகலனைப் பிறர் பூட்டலாம். முகத்தைப் பூட்ட முடியுமா? பதவியை அணிகலன்களில் காட்டிவிட்டு, குணத்தை முகத்திலும் கையிலும் தேடுபவனே நல்ல ஓவியன்.

அரண்மனைத் தூணையும் திரையையும் பின்னாளில் புகைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அவை தாத்தாவையும் வந்தடைந்தன. நாற்காலியை மெல்லத் தொட்டு நிற்கும்படி அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அவரோ, சுமை தூக்கப் போகிறவர்போல் அதை இறுகப் பற்றியிருக்கிறார். அந்தப் பிடி இரவல் அன்று.

இனி வரும் நண்பர்களுக்கு அந்தக் கையைக் காட்டுவேன்.