திறந்த கதவும் ஒரு கழுதையும்

கதை எளிதில் விளங்காத அயல்மொழிப் படங்களைச் சிலர் தேடிச் சென்று காண்பது ஏன் என்னும் வினா இறையியல் மாணவரிடையே எழுவதுண்டு. அதனை வெறும் அறிவுச் செருக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் அருளுரை ஆற்றும் பொறுப்புடையோர் சற்று நின்று சிந்திப்பது நலம்.

மதுரை திரைப்படத்தை நேசிக்கும் நகர். 1952இல் 'பராசக்தி' திரையிடப்பட்ட தங்கம் திரையரங்கு இன்று இல்லை. அதன் பெருமை மட்டும் பேசப்படுகிறது. வைகைச் சமவெளிச் சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகளிலோ, பகலெல்லாம் உழைத்த மக்கள் மணலில் அமர்ந்து படம் பார்த்தனர். ஏழை வெல்வான், கொடியவன் வீழ்வான் என்ற ஆறுதலை அவர்கள் நாடினர். நீதியின்மேல் கொண்ட அப்பசி நகைப்புக்குரியதன்று. எனினும் இத்தகைய படங்களில் பார்ப்பவர் பெரும்பாலும் கதாநாயகனின் பக்கமே நிற்கிறார். தீமை வேறெவரிடமோ இருக்கிறது.

சர்ரியலிசப் படங்கள் இந்த வசதியைப் பறித்துவிடுகின்றன. லூயி புனுவல் மெக்சிகோவில் ஸ்பானிய மொழியில் எடுத்த 'அழிக்கும் தூதன்' (1962) என்னும் படத்தில், விருந்துக்கு வந்த செல்வந்தர்கள் ஓர் அறையை விட்டு வெளியேற இயலாது தவிக்கின்றனர். கதவு பூட்டப்படவில்லை, தடுப்பாரும் இல்லை. நாட்கள் செல்லச் செல்ல அவர்களுடைய நாகரிகம் உதிர்கிறது. இறுதியில் விடுபட்டு, நன்றி வழிபாட்டிற்காகத் தேவாலயத்தில் கூடுகின்றனர். அங்கும் எவராலும், குருமாராலும்கூட, வெளியேற முடிவதில்லை. காரணம் சொல்லப்படுவதில்லை. ஆகவே காரணத்தை நாம் நம்முள்ளேயே தேட வேண்டியதாகிறது.

தமிழிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை' (1977), சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்றது. பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1966இல் ஒரு கழுதையின் பாடுகளை வைத்து எடுத்த படத்தை அது நினைவூட்டுகிறது. பேராசிரியர் ஒருவர் வளர்க்கும் கழுதைமீது ஊரார் பழிசுமத்தி, அதனைக் கொன்றுவிடுகின்றனர். பின்னர் அதனால் அற்புதங்கள் நிகழ்ந்ததாக நம்பி, அதற்கே கோயில் எழுப்ப முற்படுகின்றனர். முடிவில் ஊரைத் தீ சூழ்கிறது. தீர்க்கதரிசிகளைக் கொன்றுவிட்டு, அவர்களுடைய கல்லறைகளை அலங்கரிப்போரை இயேசு கடிந்துகொண்டதை அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று. இதனை ஒரு சாதியாரைப் பற்றிய நையாண்டி என்று மட்டும் கண்டு மகிழ்வோமாயின், நாம் மீண்டும் கதாநாயகனின் பக்கம் போய் நின்றுவிட்டோம் என்பதே பொருள்.

திருமறையும் இவ்வழியை அறியும். எசேக்கியேல் 390 நாட்கள் இடப்பக்கமாய்ப் படுத்திருந்தார். எரேமியா கழுத்தில் நுகத்தடியைச் சுமந்து நடந்தார். கண்டோர் திகைத்திருப்பர், அத்திகைப்பே செய்தியின் வாயில். நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியின் கதையிலும் தாவீது முதலில் நீதிமானாகவே அமர்ந்து தீர்ப்பளித்தார். பின்னரே தம்மைக் கண்டார்.

புதிராயிருப்பதாலேயே ஒரு படம் ஆழமுடையதாகிவிடாது. அதனை விரும்புவோர் கொட்டகை மக்களைவிட உயர்ந்தோரும் அல்லர். ஆனால் நம் அருளுரைகளைச் சோதிக்க இப்படங்கள் உதவும். நல்ல சமாரியன் உவமையை விளக்கும்போது, சபையாரை நாம் எங்கே நிறுத்துகிறோம்? விலகிச் சென்ற ஆசாரியனின் இடத்தில் ஒரு கணமேனும் நிற்கவிடுகிறோமா? அடுத்த ஞாயிறு பிரசங்க பீடம் ஏறுமுன், இவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.